பழைய வண்டியும் புதிய எஞ்சினும்

“சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும்” என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலத்தைப் பேணும்படி சொல்லப்பட்ட இம்மொழி, சங்கத்தின் சரக்கு வண்டிக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதை நெரவியில் கண்டறிந்தோம். அதனை அங்கத்தினர் யாவரும் அறிந்து பயன்பெற வேண்டும் என்னும் கருத்தினால் இங்கே எழுதுகிறோம்.

காரைக்காலுக்கும் திருமலைராயன்பட்டினத்துக்கும் இடையே உள்ளது நெரவி. காவிரியின் கடைமடைப் பகுதி அது. கடற்காற்று வயல்மீதும் வீட்டுக் கூரைமீதும் ஓயாது வீசிக்கொண்டிருக்கும் இடம். அப்பகுதிச் சங்கம் ஒன்றின் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்ய நாம் சென்றிருந்தோம். குறுவை அறுவடைக்குச் சில வாரங்களே இருந்தன. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வண்டி உண்டு. வயது பதினாறு. உழவர்க்கு உரமும் விதையும் கொண்டுவருவது அதுவே. நெசவாளர்க்கு நூல் சிப்பங்களைக் கொண்டுவந்து, நெய்த துணியை எடுத்துச் செல்வதும் அதுவே. அவ்வண்டி ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு நின்ற நாள்களிலெல்லாம் வாடகைக்குக் ‘குட்டியானை’ பிடித்திருந்தார்கள். அந்த வாடகைச் சீட்டுகள் செலவுக் கோப்பில் கனத்திருப்பதைக் கண்டுதான் இவ்விஷயத்தில் நமது கவனம் சென்றது.

நிர்வாகக் குழுவினர் முன்னரே ஒரு முடிவுக்கு வந்திருந்தனர். பட்டறைக்காரர் ஒருவர், விபத்தில் சிக்கிய பெரிய வேன் ஒன்றின் எஞ்சினை மலிவாக வாங்கித் தருவதாகவும், அதனை இவ்வண்டியில் ஏற்றித் தருவதாகவும் சொல்லியிருந்தார். “அந்த எஞ்சினைப் போட்டால் வண்டி யானை போல் இழுக்கும், சார்” என்றார் டிரைவர். தலைவருக்கும் அதிலே விருப்பம். செலவு ஏறக்குறைய சங்கத்தின் அவ்வாண்டு உபரி முழுவதையும் விழுங்கிவிடும். பங்கு ஆதாயமும் இராது. நெசவாளர்க்குத் தீபாவளிக்கு முன் வழங்கும் போனஸும் இராது. ஆகவே இஃது ஓர் எஞ்சினைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அங்கத்தினர் ஒவ்வொருவர் பையையும் தொடும் கேள்வி.

எஞ்சின் மாற்றுவது புதிய பழக்கமா?

எஞ்சின் மாற்றுவதே தவறு என்று சொல்ல நாம் முன்வரவில்லை. தமிழ்நாட்டின் சாலைப் போக்குவரத்தே ஒரு காலத்தில் எஞ்சின் மாற்றத்தினால்தான் செழித்தது எனலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நம் நாட்டில் ஓடிய லாரிகளில் பல பெட்ரோல் லாரிகள். இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்துப் பெர்கின்ஸ் கம்பெனியார் 1937ஆம் ஆண்டில் ‘பி6’ என்னும் ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை வெளியிட்டனர். பழைய பெட்ரோல் லாரியின் எஞ்சினை இறக்கிவிட்டு, அவ்விடத்தில் இதனை ஏற்றுவது அங்கே பெருவழக்காயிற்று. பின்னர் 1950களில், சென்னையில் 1840 முதல் இயங்கிவந்த சிம்ப்சன் கம்பெனியார் இதே எஞ்சினைச் செம்பியத்தில் செய்யத் தொடங்கினர். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்ட 1954ஆம் ஆண்டை ஒட்டிய காலம் அது. பிற்காலத்தில் மகிந்திரா ஜீப்புகளுக்குப் பிரான்ஸ் நாட்டுப் பூஜோ கம்பெனியின் உரிமத்தில் செய்த டீசல் எஞ்சின் வந்தபோதும், பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றிக்கொண்டவர் பலர்.

அம்மாற்றங்கள் இலாபம் தந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, எரிபொருளே மாறியது: பெட்ரோலைவிட டீசல் விலை குறைவு, டீசல் எஞ்சின் அதே வேலைக்குக் குடிப்பதும் குறைவு. மற்றொன்று, எஞ்சின் தேய்ந்திருந்தாலும் வண்டியின் அடிச்சட்டம் உறுதியாய் இருந்தது. நெரவி வண்டிக்கு முதற்காரணம் இல்லை. அது முன்னரே டீசல் வண்டி. இரண்டாவது காரணமாவது உண்டா என்பதே பார்க்க வேண்டியது. அதனைக் குழுவில் யாரும் கேட்டிருக்கவில்லை; நாமும் கேட்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

ஓர் அம்மையார் கேட்ட கேள்வி

அன்று மாலை குழுக் கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். எஞ்சின் விலை, பட்டறைக் கூலி என்று பேச்சு நீண்டது. குழு உறுப்பினரான நெசவாளர் அம்மையார் ஒருவர் அதுவரை வாய் திறவாதிருந்தவர், “ஐயா, ஒரு சந்தேகம். பழைய தறிக்குப் புது அச்சு வாங்குவோம், புது விழுது கட்டுவோம். ஆனால் தறிக்கால் உளுத்துப் போயிருந்தால் எதுவும் வாங்க மாட்டோம். வண்டிக்குத் தறிக்கால் எது? அதை யாராவது பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

கூட்டம் சற்று நேரம் அமைதியாயிற்று. மறுநாள் காலை வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி, எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் முறையாகச் சோதிப்பதென்று முடிவாயிற்று.

முதலில் எஞ்சினைக் கேளுங்கள்

எஞ்சின் தன் நோயைப் புகையாலே சொல்லிவிடும். வண்டி வைத்திருக்கும் சங்கத்தார் இதனை அறிந்திருப்பது நலம். கரும்புகை வந்தால், டீசல் மிகுதியாகவோ காற்றுக் குறைவாகவோ செல்கிறது என்று பொருள். நாசிலையும் பம்பையும் சரிபார்த்து, ஏர் பில்டரை மாற்றினாலே பெரும்பாலும் தீரும். நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு சீல் போயிருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லையாயின், டீசல் சரிவர எரியாமலிருக்கலாம். ரேடியேட்டர் நீர் உள்ளே கசிந்துகொண்டும் இருக்கலாம். ஓடும் எஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று மேலெழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முடிவாக, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவியிட்டு அளக்க வேண்டும். இந்த அளவு கையில் இல்லாமல் எஞ்சின் மாற்றத் தீர்மானம் போடுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நெரவி வண்டியில் நீலப்புகை. நான்கு சிலிண்டர்களில் இரண்டில் அழுத்தம் குறைவு. ஆனால் கிராங்க் ஷாப்டிலும் பிளாக்கிலும் கெடுதல் இல்லை. ஆகவே எஞ்சின் இறக்கவில்லை, தேய்ந்திருந்தது. சிலிண்டரைப் போர் செய்து, அளவு கூடிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் இட்டால் அது மீண்டும் பல ஆண்டு உழைக்கும் என்று பட்டறைக்காரரே ஒப்புக்கொண்டார். “மாற்றலாமா என்று கேட்டார்கள், சொன்னேன், மராமத்துச் செய்யலாமா என்று யாரும் கேட்கவில்லை” என்றார் அவர். அதிலும் நியாயம் இருக்கவே செய்தது.

பிறகு அடிச்சட்டத்தைத் தட்டுங்கள்

வண்டியின் எல்லாப் பாரத்தையும் தாங்குவது ‘சேஸிஸ்’ எனப்படும் அடிச்சட்டம். உள்நாட்டில் ஓடும் வண்டிக்கு எஞ்சின் முதலில் தேயலாம். கடலோரத்தில் ஓடும் வண்டிக்குச் சட்டமே முந்திக்கொள்ளும். உப்புக் காற்றுடன் ஈரம் சேர்ந்தால் இரும்பு விரைந்து துருவேறும். மழைக்காலத்துச் சேறு சட்டத்தின் மடிப்புகளில் தங்கி, கோடையிலும் ஈரத்தை விடாமல் பிடித்திருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது போல, வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு இத்தீங்கு இன்னும் மிகுதி.

நம் சங்க வண்டிகளுக்கு இன்னொரு பகையும் உண்டு. அது நாமே ஏற்றும் உரம். மூட்டையிலிருந்து சிந்தும் பொட்டாஷ் உரம் உப்பு இனத்தைச் சேர்ந்தது. யூரியாவும் காற்றின் ஈரத்தை இழுக்கும். இவை தளப் பலகையின் இடுக்கு வழியே இறங்கிச் சட்டத்தில் படிந்தால் இரும்பை மெல்ல அரித்துவிடும். உரம் இறக்கிய அன்றே தளத்தையும் அடிப்புறத்தையும் நல்ல நீரால் கழுவ வேண்டும். நம் பகுதியில் பல ஆழ்குழாய்களில் உவர்நீரே வருகிறது. அந்நீரால் கழுவினால் கழுவாமலிருப்பதே மேல் என்றாகிவிடும்.

சோதிக்கும் முறை எளிது. வண்டியை மேலே தூக்கி நிறுத்தி, சிறு சுத்தியலால் சட்டம் நெடுகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். உறுதியான இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலித்துத் துருச் செதிலை உதிர்க்கும். பின் ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கும் இடங்களையும், தளத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் இடங்களையும் குறிப்பாகப் பார்க்க வேண்டும். நெரவி வண்டியில் இடப்புறப் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் சுத்தியல் மந்தமாக ஒலித்தது. அங்கே தகடு வைத்து வலுவூட்டினால் வண்டி நான்கு அல்லது ஐந்து ஆண்டு ஓடும். அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது என்பது பட்டறையின் மதிப்பு. அம்மையாரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

பெரிய எஞ்சின் தனியே வருவதில்லை

பெரிய எஞ்சினை ஏற்றுவோர் எண்ணிப் பாராத செலவுகள் பல. அதன் சுழல்விசைக்கு ஏற்ப கிளச் மாற வேண்டும். பழைய கியர் பாக்ஸ் அவ்விசையைத் தாங்காமற் போகலாம். அதனையும் மாற்றினால் புரொப்பல்லர் ஷாப்டின் நீளம் ஒவ்வாது. ரேடியேட்டர் சிறிதாயின் எஞ்சின் கொதிக்கும். எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகளை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும். முன்புறப் பாரம் கூடினால் முன் ஸ்பிரிங் தாழும். இக்காலத்து எஞ்சினாயின் அதனை நடத்தும் மின்னணுப் பெட்டியும் வயர்களும் உடன் வரவேண்டும். அவையின்றி அது வெறும் இரும்பே. எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: இழுக்கும் வலிமை கூடினாலும் நிறுத்தும் வலிமை கூடுவதில்லை. பிரேக்கும் சட்டமும் பழைய பாரத்துக்கே அமைந்தவை. வண்டி யானை போல் இழுக்கிறதென்று யானைச்சுமை ஏற்றினால், அதன் விளைவைச் சாலையில் போவோரும் அனுபவிக்க நேரும்.

சட்டம் சொல்வது என்ன?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுதல் கூடாதென்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இயற்கை எரிவாயு, மின்சாரம் போன்ற வேறு எரிசக்திக்கு மாற்றும் உபகரணங்களுக்கு இடமுண்டு. ஆயினும் அவை முறைப்படி சோதித்து ஒப்புதல் பெற்றவையாய் இருக்க வேண்டும்.

ஆகவே, பழுதான எஞ்சினுக்கு மாற்றாக அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை இடுவது ஒன்று. வேறு வகையைத் திணிப்பது வேறொன்று. முன்னதற்கும் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்று, புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வண்டியின்மேல் கடன் இருந்தால், கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அறிவிக்க வேண்டும். பழைய எஞ்சின் வாங்கினால், அது எந்த வண்டியினது, யார் விற்றது என்பதற்கு ரசீது வேண்டும். ரசீதில்லா எஞ்சின் களவுப் பொருளாய் இருப்பின் சங்கத்தின் நாணயமே கெடும். பட்டறைக்காரர் சொன்ன வேன் எஞ்சின் வேறு வகை. அதற்கு முறையான ரசீதும் இல்லை.

சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பதையும், 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு அச்சான்றின் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் உயர்த்தப்பட்டதையும் மறக்கலாகாது. எந்த எஞ்சினை இட்டாலும் பதிவுப் புத்தகத்தில் வண்டியின் வயது குறையாது.

காசுக் கணக்கு

சட்டத்தைச் சற்றே ஒதுக்கி, பணத்தை மட்டும் பார்ப்போம். கணக்கு விளங்கும்பொருட்டுச் சுற்றுத்தொகைகளையே இடுகிறோம். ஒவ்வொரு சங்கமும் தன் தொகைகளை இட்டுப் பார்த்துக்கொள்க. வண்டி ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது. இப்போது லிட்டருக்கு 9 கிலோமீட்டர் தருகிறது. டீசல் லிட்டர் 90 ரூபாய் என வைத்துக்கொள்வோம்.

எஞ்சினை மராமத்துச் செய்ய 70,000, சட்டத்தை வலுவூட்ட 20,000, ஆக 90,000 ரூபாய். பின்னர் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கிடைத்தால் ஆண்டுக்குச் சுமார் 21,800 ரூபாய் டீசல் மிச்சம். வண்டி நின்ற நாள்களுக்குக் கொடுத்த வாடகை 30,000 ரூபாயும் மிச்சமாகும். மொத்தம் 51,800. போட்ட பணம் ஒன்றே முக்கால் ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

வேறு எஞ்சின் ஏற்ற, உடன் வரும் செலவுகளையும் சேர்த்து 1,80,000, சட்டத்துக்கு அதே 20,000, ஆக 2,00,000 ரூபாய். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் டீசலில் 30,000, வாடகையில் 30,000, மொத்தம் 60,000 மிச்சம். பணம் திரும்ப மூன்றாண்டு நான்கு மாதம்.

இரண்டுமே இலாபம்தானே என்று தோன்றும். இங்கேதான் ஏமாறக்கூடாது. மராமத்தைவிட எஞ்சின் மாற்றத்துக்கு அதிகப்படியாகக் கொடுப்பது 1,10,000 ரூபாய். அதனால் அதிகப்படியாகக் கிடைப்பதோ ஆண்டுக்கு 8,200 ரூபாய். இத்தொகை திரும்பப் பதின்மூன்று ஆண்டுக்குமேல் ஆகும். சட்டம் நிற்பதோ நான்கைந்து ஆண்டு! நான்கு ஆண்டு முடிவில் மராமத்துச் செய்த சங்கத்துக்கு நிகரமாக 1,17,200 ரூபாய் மிஞ்சும். எஞ்சின் மாற்றிய சங்கத்துக்கு 40,000 தான் மிஞ்சும். அடிச்சட்டம் முற்றிலும் உளுத்திருந்தாலோ இரண்டு செலவும் வீண். அவ்வண்டியை அங்கீகாரம் பெற்ற அழிப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெறுவதே தக்கது. அச்சான்றைக் காட்டிப் புதிய சரக்கு வண்டியின் வரியில் 15 விழுக்காடு வரை சலுகை தர விதிகளில் இடமுண்டு.

பொதுமகாசபையின் தீர்மானம்

இக்கணக்கைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தோம். பொதுமகாசபை கூடியது. பெரிய எஞ்சின் வேண்டுமென்றோரும் பேசினர். அவர்கள் வாதத்தையும் சபையார் பொறுமையுடன் கேட்டனர். டிரைவர் எழுந்து, “ஏற்றத்தில் நிற்காமல் போனால் எனக்குப் போதும், ஐயா. எந்த எஞ்சின் என்பது எனக்குப் பெரிதில்லை” என்றார். பதினாறு ஆண்டு அவ்வண்டியைத் தன் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டவர் அவர். எஞ்சினை மராமத்துச் செய்வது, சட்டத்தை வலுவூட்டுவது, குறித்த எடைக்கு மேல் ஏற்றாதிருப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. மிஞ்சிய உபரியில் போனஸும் வழங்கப்பட்டது. வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவுதான்.

கூட்டம் முடியும் முன் முதியவர் ஒருவர், “வண்டி வாங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் தேய்மானம் என்று கணக்கில் கழித்தீர்களே, அந்தப் பணம் எங்கே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. தேய்மானம் ஏட்டில் இருந்தது, பெட்டியில் இல்லை. அத்தொகை நூல் கொள்முதலிலும் உர இருப்பிலும் கரைந்திருந்தது. களவேதும் இல்லை, கவனம்தான் இல்லை. முந்திய ஆண்டுகளில் அக்கணக்கைப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களில் நாமும் ஒருவர் என்பதால், அக்கேள்வி நம்மையும் சுட்டது.

ஆகவே சங்கத்தார்க்கு நாம் சொல்ல விரும்புவது இது. ஆறு லட்ச ரூபாய்க்கு வாங்கிய வண்டி பன்னிரண்டு ஆண்டு உழைக்குமாயின், ஆண்டுக்கு 50,000 ரூபாயைக் கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கில் ரொக்கமாகவே ஒதுக்குங்கள். வண்டி விலை ஏறிக்கொண்டே போவதால் அதற்குமேல் சிறிது சேர்ப்பதும் நலம். அந்நிதி கையில் இருந்திருந்தால், “பழைய வண்டிக்கு எந்த எஞ்சின்?” என்னும் கேள்வியே எழுந்திராது, “புதிய வண்டி எது?” என்றே கேட்டிருப்போம்.

நெரவிச் சங்கம் அம்மாதமே அத்தகைய கணக்கைத் தொடங்கியது. முதல் தொகை சிறிதே. குறுவை நெல் ஏற்றிய வண்டி ஆற்றுப்பாலத்து ஏற்றத்தில் நிற்கவில்லை என்று செயலாளர் எழுதியிருக்கிறார். உரம் இறக்கிய அன்று மாலை டிரைவர் நல்ல நீரால் அடிப்புறத்தைக் கழுவுகிறாராம். எஞ்சியுள்ள நான்கைந்து ஆண்டை ஐந்தாக்குவதும் மூன்றாக்குவதும் அந்த வாளித் தண்ணீரில்தான் இருக்கிறது.